பாரிட் புந்தாரில் ஒரு மாங்காய்ப் பூட்டு

கோலாலம்பூர் சென்ட்ரலில் மின்ரயில் ஏறினால் பாரிட் புந்தாருக்கு மூன்றரை மணி நேரம் போல ஆகும். ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் என்று ஒவ்வொன்றாகக் கழிந்ததும் புக்கிட் மேரா ஏரி வரும். தண்ணீரின் நடுவே, பாலத்தின் மேல் ரயில் ஓடும் அந்தச் சில நிமிடங்களில் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பவர்கள்கூடத் தலையைத் தூக்கி வெளியே பார்ப்பார்கள். எனக்கு அது, பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய நேரம்.

அந்த ஏரி இயற்கையாக உண்டானதில்லை. கிரியான் வட்டாரத்து நெல் வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்க வெள்ளைக்காரர்கள் அணை கட்டித் தேக்கியது. 1906-இல் வேலை முடிந்தது. இந்த நாட்டின் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் இதுவே மூத்தது. அதற்கு முன்பு, 1880களில், இந்தப் பக்கம் கரும்புத் தோட்டங்கள். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் வந்து இறங்கியது முதலில் கரும்பு வெட்டத்தான். பால்மரம் பிறகு வந்தது. அதற்கும் பிறகு செம்பனை. ‘பாரிட்’ என்றால் மலாயில் வாய்க்கால். ஊரின் பெயரிலேயே தண்ணீர் ஓடுகிறது.

நிலையத்தை விட்டு வெளியே வந்து ஆற்றுப் பக்கம் நடந்தால் கிரியான் ஆறு. அக்கரை கெடா மாநிலத்துப் பண்டார் பாரு. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபால். காலையில் பேராவில் ரொட்டி சானாய், அதே பசியோடு பாலம் தாண்டி இரண்டு மாநிலங்களில் தே தாரேக் என்று சின்ன வயதில் சைக்கிளில் சுற்றியிருக்கிறோம். பழைய மணிக்கூண்டு, இரண்டு மாடிக் கடைவீடுகள், அவற்றின் முன்னே நிழல் தரும் அஞ்சடி. ஊர் பெரிதாக மாறவில்லை. நான்தான் மாறிப்போய், எதைப் பார்த்தாலும் அதில் தொங்கும் பூட்டைப் பார்ப்பவனாக ஆகிவிட்டேன்.

அதைச் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பூட்டு திறக்கும் பொழுதுபோக்கு உண்டு. சாவி இல்லாமல்.

மாணவனாக இருந்தபோது கோலாலம்பூரில் நடந்த ‘ஹேக் இன் தி பாக்ஸ்’ கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போயிருந்தேன். கணினிக்காரர்களுக்கு நடுவே ஒரு மூலையில் மேசை போட்டு, அதன் மேல் பூட்டுகளைக் கொட்டி வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து முயன்று பார்க்கலாம். சொல்லிக் கொடுத்தவர் என் கையில் வளைந்த இரண்டு கம்பிகளைக் கொடுத்தார். இருபது நிமிடம் போராடிய பிறகு ஒரு சாதாரணப் பித்தளைப் பூட்டு ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது. அந்தச் சத்தம் காதிலேயே தங்கிவிட்டது.

உலகத்தில் இதற்குச் சங்கங்களே இருக்கின்றன. ஜெர்மனியில் 1997-இல் ஒன்று தொடங்கினார்கள். நெதர்லாந்தில் தொடங்கிய ‘டூல்’ என்ற அமைப்புக்குப் பல நாடுகளில் கிளைகள். போட்டிகள் வைக்கிறார்கள், யார் எத்தனை வினாடி என்று கணக்குப் பார்க்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட விதிகள் இரண்டு: உனக்குச் சொந்தமில்லாத பூட்டை உரியவர் அனுமதி இல்லாமல் தொடாதே, உபயோகத்தில் இருக்கும் பூட்டைத் திறக்க முயலாதே. இரண்டாவது விதி எதற்கென்று முதலில் புரியவில்லை. என் அறைக்கதவுப் பூட்டுக்குள் கம்பி நுனி ஒடிந்து, இரவு முழுவதும் நண்பன் வீட்டுச் சோபாவில் படுத்த அன்றைக்குப் புரிந்தது. மூன்றாவதாக நானே சேர்த்துக்கொண்டது ஒன்று: கம்பிகளை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றாதே. வீடு உடைக்கும் கருவியைக் காரணம் சொல்ல முடியாமல் வைத்திருப்பவனிடம், ‘இது பொழுதுபோக்கு’ என்ற விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க ரோந்துப் போலீஸ்காரருக்குப் பொறுமை இருக்காது.

ஆனால் அன்றைக்குக் கம்பிகளைக் கொண்டு போயிருந்தேன். காரணம் இருந்தது. அத்தையின் பெட்டி.

அத்தை என்றால் அப்பாவின் அக்காள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா தவறிய பிறகு அம்மாவும் அத்தையும்தான் தாமான் வீட்டில் ஒருவருக்கொருவர் துணை. அத்தையின் கட்டில் மாட்டில் ஒரு தகரப் பெட்டி. பச்சைச் சாயம் பாதி உரிந்தது. தாத்தாவுடையது. ஒருமுறை ஊருக்குப் போய்விட்டு ரஜூலா கப்பலில் பினாங்குக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது என்பார்கள். அந்தப் பெட்டியின் கொண்டியில் மாங்காய் அளவில், மாங்காய் வடிவத்திலேயே ஒரு பூட்டு. திண்டுக்கல் பூட்டு. சாவி, தோட்டத்து லயத்தைக் காலி செய்து தாமானுக்குக் குடிவந்த குழப்பத்தில் எங்கோ போய்விட்டது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை.

அத்தையிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் பால் வெட்டி, ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடாதவர். மெர்டேக்காவுக்கு நான்கு ஆண்டுகள் முன்னால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர். ‘பிறந்தேன்’ என்று சொல்ல அத்தை இருக்கிறார். அதைக் காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள், இருந்தால், அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

“அறுத்துப் போட்டா அஞ்சு நிமிஷ வேலை” என்று பலரும் சொல்லிவிட்டார்கள். உண்மைதான். ஆனால் அத்தை விடவில்லை. “அப்பா பூட்டினது. அறுக்கக்கூடாது” என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அம்மா ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அது இல்லப்பா. பூட்டு இருக்கிற வரைக்கும் உள்ள தாள் இருக்குன்னு அவங்களுக்கு ஒரு நம்பிக்கை. தொறந்து பார்த்து இல்லாமப் போயிட்டா?”

அறுக்காமல் திறப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் அந்தச் சனிக்கிழமை ரயிலேறினேன்.

ஊர்க் கடைவீதியில் நடந்தால் பூட்டுகளின் சரித்திரமே அஞ்சடியில் தொங்குகிறது. பழைய கடைவீட்டு மரப்பலகைக் கதவுகளில் குறுக்கே போடும் மரத் தாழ்ப்பாள். பக்கத்துக் கடையில் மடிந்து நகரும் இரும்புக் கம்பிக் கதவு, அதில் உருண்டைப் பூட்டு. அடுத்ததில் மேலிருந்து இறங்கும் சுருள் கதவு, தரையோடு ஒட்டி இரண்டு பக்கமும் இரண்டு பூட்டு. ஊருக்கு வெளியே வயற்பக்கம் போனேன். மதகைத் தூக்கும் இரும்புச் சக்கரத்துக்கும் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தது. யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைக்கூடப் பூட்டுதான் முடிவு செய்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை ஒரே குடும்பம்: ஊசிப் பூட்டு. உருளை ஒன்று, அதில் வரிசையாக ஐந்து குழிகள். ஒவ்வொரு குழியிலும் கீழே ஓர் ஊசி, மேலே ஓர் ஊசி, அதற்கும் மேலே அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால், அதன் மேடு பள்ளங்கள் ஐந்து ஊசிகளையும் தூக்கி, மேல் ஊசியும் கீழ் ஊசியும் பிரியும் இடம் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கும். உருளை திரும்பும். பண்டைய எகிப்தில் இதையே மரத்தில் செய்தார்கள். 1861-இல் அமெரிக்காவின் லைனஸ் யேல் அதைக் கைக்கடக்கமான உலோகப் பூட்டாக்கிக் காப்புரிமை பெற்றார். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பல் வைத்த தட்டைச் சாவி அதன் பேரப்பிள்ளை.

இதில் ஓட்டை எங்கே? ஐந்து குழிகளையும் மயிரிழை பிசகாமல் நேர்கோட்டில் துளையிட எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. அதனால் உருளையை லேசாக முறுக்கிப் பிடித்தால் ஐந்து ஊசிகளும் ஒரே நேரத்தில் இறுகாது. ஏதாவது ஒன்று முதலில் இறுகும். அதை மட்டும் தூக்கி உட்கார வைத்தால் உருளை ஒரு துளி நகரும். பிறகு அடுத்தது இறுகும். விரல் நுனியில் தெரியும் அந்தத் துளி நகர்வுதான் இந்தப் பொழுதுபோக்கின் முழுச் சுகமும். விலை குறைந்த பூட்டு என்றால் குழிகள் அதிகம் பிசகியிருக்கும், அவ்வளவு சுலபம். விலை உயர்ந்தவற்றில் ஊசிகளை நூல் சுற்றும் கண்டு போல இடுப்பு ஒடுக்கிச் செய்து ஏமாற்றுவார்கள். உட்கார்ந்துவிட்டது போலத் தோன்றும், உட்கார்ந்திருக்காது. ஃபின்லாந்தில் 1907-லேயே ஒருவர் ஊசியும் ஸ்பிரிங்கும் இல்லாமல் வட்டத் தகடுகளை அடுக்கி வேறு வகைப் பூட்டு செய்தார். அந்த வகையை நான் மூன்று ஆண்டுகளாக முறைத்துக்கொண்டிருக்கிறேன்; அதுவும் என்னை முறைக்கிறது.

திண்டுக்கல் பூட்டு இந்தக் குடும்பமே இல்லை. உள்ளே ஊசி கிடையாது, லீவர் எனப்படும் தகடுகள். சாவியின் வெட்டுகள் ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. திண்டுக்கல் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதைக் கையால் அறுத்து, கையால் அரத்தால் ராவிச் செய்கிறார்கள். அங்கே மாங்காய்ப் பூட்டு என்றும், சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் மணிப்பூட்டு என்றும் பல வகை. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டுகளின் விலையோடு போட்டி போட முடியாமல் பட்டறைகள் பல மூடிக்கொண்டிருந்த காலத்தில், 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் அதே சமயத்தில்தான். கையால் ராவிய பூட்டு என்பதால் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பது அவர்களுடைய பெருமை. எனக்கு அது தலைவலி.

சனிக்கிழமை மாலை கட்டிலடியில் பாயை விரித்து உட்கார்ந்தேன். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் சாவித் துவாரத்துக்குள் துருவின் செம்மை. லீவர் பூட்டுக்கு வேறு கம்பி வேண்டும், கொஞ்சம் தடித்தது. சமையலறையிலிருந்த குடைக்கம்பி ஒன்றை வளைத்துக்கொண்டேன். ஒரு தகடு அசைந்தது. இரண்டாவது அசைந்த மாதிரி இருந்தது. மூன்றாவது துருவில் ஒட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. இரண்டு மணி நேரம். சட்டை நனைந்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தை, கோயிலில் தேவார வகுப்புக்குப் போகிறவர், ஆறுதலாக ஒன்று சொன்னார்: “திருமறைக்காட்டுல கோயில் கதவு தொறக்க அப்பருக்கே ஒரு பதிகம் முழுசும் ஆச்சு ஐயா. சம்பந்தர் ஒரே பாட்டுல மூடிட்டாரு. மூடுறது சுலபம்.”

பூட்டு திறப்பவர்களுக்கு அப்பர் பெருமானைவிட அண்மையில் ஒரு முன்னோடி இருக்கிறார். அவர் கதையை அத்தைக்குச் சொன்னேன்.

லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் ஒரு பூட்டு செய்து, அதைச் சாவியில்லாமல் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதித் தன் கடை ஜன்னலில் மாட்டி வைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அது அங்கேயே தொங்கியது. இன்னொரு பக்கம், 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருடியதால் அரசாங்கம் நல்ல பூட்டு கேட்டது. அடுத்த ஆண்டே ஜெரமையா சப் ஒரு லீவர் பூட்டைக் கொண்டுவந்தார். யாராவது கம்பி விட்டுக் கிண்டினால் ஒரு தகடு சிக்கிக்கொண்டு, உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு. சிறைக் கப்பலில் இருந்த ஒரு பூட்டுத் தொழிலாளிக் கைதியிடம், திறந்தால் விடுதலை, கூடவே நூறு பவுன் என்றார்கள். மாதக் கணக்கில் முயன்று கைவிட்டான். இங்கிலாந்து நிம்மதியாகத் தூங்கியது.

1851-இல் லண்டன் உலகக் கண்காட்சிக்கு ஆல்ஃபிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்தார். சாட்சிகள் பார்த்திருக்க, சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். காட்டிக்கொடுக்க வேண்டிய தகட்டையே தனக்குத் துப்புச் சொல்ல வைத்தார் என்பதுதான் அதில் சுவை. பிறகு பிராமா கடை ஜன்னல் பூட்டு. 16 நாட்களில் பரவிய 51 மணி நேர உழைப்பு. அதுவும் திறந்தது. 200 கினி கைக்கு வந்தது. பத்திரிகைகளில் பெரிய கூச்சல்: இப்படியெல்லாம் வெளியே சொல்லலாமா, திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று. ஹாப்ஸ் தரப்பின் பதில் சுருக்கமானது: தொழிலில் இருக்கும் திருடனுக்கு இது முன்பே தெரியும்; தெரியாமல் இருப்பவர் பூட்டை வாங்கியவர் ஒருவர்தான்.

இந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. 2004-இல் அமெரிக்காவில் விலை உயர்ந்த கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டு ஒன்றைச் சாதாரணப் பந்துமுனைப் பேனாவின் குழாயால் திறக்கலாம் என்று சைக்கிள்காரர்கள் காட்டினார்கள். செய்தி பரவிய பிறகு நிறுவனம் பழைய பூட்டுகளுக்குப் பதில் புதியவை மாற்றிக் கொடுத்தது. பேனாவை மறைத்து வைத்திருந்தால் யாருக்கு லாபம்? நான் சொல்வதின் பக்கம் சாய்வு இருக்கிறது, தெரியும். பூட்டை விற்று வாழ்பவருக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

கதை முடிந்தது. அத்தை கேட்டார்: “அந்த வெள்ளைக்காரருக்கு அம்பது மணி நேரம் ஆச்சுன்னா, உனக்கு நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு?”

இரவு தூங்கப் போகும்போது அம்மா வீட்டைப் பூட்டினார். அதை நின்று பார்த்தேன். முன்பு பார்த்ததே இல்லை போல இருந்தது. வெளி கேட்டுக்கு ஒன்று, கம்பிக் கதவுக்கு இரண்டு, மரக்கதவுக்கு ஒன்று. பின்வாசல் கம்பிக் கதவுக்கு இன்னொன்று. சாவிக் கொத்தைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். போன ஆண்டு இரண்டு வீடு தள்ளித் திருடன் புகுந்த பிறகு வந்த பழக்கம். அந்தத் திருடன் கம்பி விட்டுக் கிண்டவில்லை. பூட்டின் வளையத்தை வெட்டுக் கத்தரியால் வெட்டிவிட்டுப் போனான். பெரும்பாலான திருடர்கள் அப்படித்தான். எங்களைப் போலப் பொறுமையெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. பின்பக்கக் கொண்டியில் இருப்பதோ சந்தையில் வாங்கிய மெல்லிய பூட்டு. அதன் வளையத்தைப் பிடித்திருக்கும் நாக்கு வெறும் ஸ்பிரிங்கில் நிற்கிறது. குளிர்பானத் தகரத் துண்டு ஒன்றுக்கே இடம் கொடுத்துவிடும். வளையத்தை இரண்டு பக்கமும் எஃகுக் குண்டுகள் பிடித்திருக்கும் பூட்டு கொஞ்சம்தான் விலை கூடுதல். கடையில் கேட்டு வாங்கலாம்.

ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் கெட்டது திருடனை நினைத்து இல்லை. சமையலறையில் தீப்பிடித்தால், இருட்டில், புகையில், எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பெண்கள் தலையணைக்கு அடியில் தேடி எடுத்து, எட்டுச் சாவியில் சரியானதைப் பொறுக்கி, உள்பக்கமாகப் பூட்டிய மூன்று பூட்டைத் திறக்க வேண்டும். 2017 செப்டம்பரில் கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தபோது 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பையன்கள். ஜன்னல்களில் பெயர்க்க முடியாத இரும்புக் கம்பிகள். நம் நாட்டில் கம்பிக் கதவு இல்லாத தாமான் வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம். சாவியைக் கதவுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை எட்டாத, உள்ளே எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வையுங்கள் என்று தீயணைப்புப் படையினர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஹாப்ஸ் கதையெல்லாம் சொல்லத் தெரிந்த நான் என் அம்மா வீட்டில் இதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை பூட்டு வாங்கக் கடைவீதிக்குப் போனேன். அஞ்சடியில் சாவி வெட்டும் சீன அங்கிள் இன்னும் அதே இடத்தில், அதே மரப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர்; அதனால் அவர் பேசுவது தோட்டத்துத் தமிழ், என் தமிழைவிடச் சுத்தம். பின்கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று எடுத்துக் கொடுத்தார். முன் கம்பிக் கதவுக்கு, உள்பக்கம் சாவி இல்லாமல் திருகினாலே திறக்கும் வகையை அவரே எடுத்துக் காட்டினார். “ஆனா கம்பி வழியா வெளிய இருந்து கை விட்டா எட்டக்கூடாது. தகடு அடிச்சு மறைக்கணும்” என்றார். பேச்சோடு பேச்சாக மாங்காய்ப் பூட்டைப் பற்றிச் சொன்னேன். லீவர், துரு, குடைக்கம்பி எல்லாவற்றையும் விளக்கினேன். கொஞ்சம் பெருமையாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பெட்டிக்குப் பின்னால பாத்தியா தம்பி?” என்றார்.

மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டிக்கு முன்னால் உட்காரவே இல்லை. பூட்டை ஒருமுறை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். “நல்ல சாமான். இத ஒன்னும் பண்ணாத” என்றார். பிறகு பெட்டியைச் சுவரைவிட்டு இழுத்துத் திருப்பினார். பின்பக்கம் இரண்டு கீல். தகரத்தைச் சுருட்டிச் செய்த பழைய கீல். நடுவில் கம்பி ஊசி ஓடுகிறது. ஊசியின் ஒரு முனை மட்டும் தட்டித் தட்டையாக்கப்பட்டிருந்தது. சின்ன அரத்தால் இரண்டு நிமிடம் ராவினார். ஆணியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். ஊசி வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. மூடியைப் பின்பக்கமாகத் தூக்கினார். முன்னால் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

பூட்டையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது இது: பூட்டைத் தொடும் முன் கதவைப் பார், கீலைப் பார், கொண்டியின் திருகாணியைப் பார். நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நாப்தலீன் உருண்டை வாசனை அறையில் பரவியது. அங்கிள் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். குடும்பத்தார் பார்க்க வேண்டியது என்று நினைத்திருப்பார். மேலே மடித்த வேட்டி, மஞ்சள் படிந்தது. அதற்குக் கீழே ஒரு துண்டு, பால்வெட்டுக் கத்தி ஒன்று, உறை போட்டது. சேமநிதிக் காகிதங்கள். தீமிதித் திருவிழா நன்கொடை ரசீதுகள், ஆண்டு வாரியாக நூல் கட்டியவை. லயத்துக்கு முன்னால் எடுத்த படம் ஒன்று. அப்பாவுக்கு அதில் ஐந்து வயது இருக்கும், அத்தை அவரை இடுப்பில் வைத்திருக்கிறார், இடுப்புக்கு மிஞ்சிய பிள்ளை. அடியில், பழுப்பு உறை.

அத்தை கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். உறையைத் தொடவில்லை. “நீயே பாரு” என்றார். அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

உள்ளே மூன்று தாள்கள். அப்பாவின் பிறப்புப் பத்திரம், அப்பா எப்போதோ மாற்றுப் பிரதி எடுத்துக்கொண்டதன் அசல். தாத்தாவின் பயணக் காகிதம் ஒன்று. மூன்றாவது, நான்காக மடித்தது, மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகப் பிரியக் காத்திருந்தது. ஆங்கிலத்தில், நீல மையில், யாரோ ஒரு கிராணியின் சாய்ந்த எழுத்து. 1953. கிரியான் வட்டாரம். தோட்டத்தின் பெயர். பெண்.

“என் பேரு இருக்கா?”

இருந்தது. ஓர் எழுத்து மாறி இருந்தது. தாத்தா பெயரிலும் ஓர் எழுத்து மாறி இருந்தது, அடையாள அட்டையில் இருப்பது போல இல்லை. அதைச் சொன்னேன். அத்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, “எது?” என்றார். காட்டினேன். விரலை அங்கேயே வைத்திருந்தார்.

அங்கிளுக்கு அம்மா காப்பி கலந்து கொடுத்தார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். பத்து ரிங்கிட் வாங்கிக்கொண்டார், புதுப் பூட்டுக்குத் தகடு அடித்துக் கொடுத்ததற்கும் சேர்த்து. கம்பிக் கதவுச் சாவிகளுக்கு மரக்கதவின் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து, இரண்டு பெண்களையும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை எடுத்துத் திறக்க வைத்தேன். மூன்றாவது முறை அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை வேகமாகத் திறந்தார்.

கிழிந்த தாளை நெகிழி உறையில் போட்டு, நகல் எடுத்து, பெயரில் எழுத்து மாறியதற்குச் சத்தியப் பிரமாணம் செய்து, அடுத்த மாதம் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். இன்னும் பதில் வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறேன். அத்தை இப்போது பெட்டியைப் பின்பக்கமாகத்தான் திறக்கிறார். ஊசியை உருவி வைத்துவிட்டு மூடியைத் தூக்குவார், எதையாவது எடுத்துப் பார்ப்பார், மறுபடி ஊசியைச் செருகிச் சுவரோடு தள்ளிவிடுவார். முன்னால் மாங்காய்ப் பூட்டு பூட்டியபடி தொங்குகிறது. துருவைப் போக்கிவிட்டு ஒருநாள் அதைத் திறந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

“அவசரமில்ல ஐயா” என்றார்.